கணக்குக்கு ஆளில்லாத பத்தாம் வகுப்பு

என் பள்ளிக்கூடத்தைப் பற்றி என்ன குறை வேண்டுமானாலும் நான் சொல்வேன். நீங்கள் சொல்லக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் நல்லூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் விசேஷம். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அம்மா, பார்த்தால் நல்ல மனுஷி, "எந்த ஸ்கூல்ல படிச்சே கண்ணு?" என்று கேட்டார். கவர்மெண்ட் ஸ்கூலுங்க என்றேன். "அச்சச்சோ" என்றார். சின்ன வயதில் எனக்கு ஏதோ பெரிய காய்ச்சல் வந்து தப்பிப் பிழைத்த மாதிரி. அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். வாய் நிறைய ஜிலேபி இருந்தது. அதனால் இப்போது சொல்கிறேன்.

எங்கள் பள்ளி திருப்பூருக்கு வடக்கே, ஊர் முடிந்தும் முடியாமலும் கிடக்கிற ஓரிடத்தில், இரண்டு நிட்டிங் கம்பெனிகளுக்கு நடுவே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடினால் இந்தப் பக்கம் பாடம் காதில் விழாது. கரண்ட் போனால் பாடம் நன்றாகக் கேட்கும், ஆனால் ஃபேன் ஓடாது. பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வந்தால் வந்ததுதான். வராத நாட்களுக்காகக் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியிருந்தோம். கம்ப்யூட்டர் அறை என்று ஒன்று உண்டு; அதன் பூட்டை எனக்கு நன்றாகத் தெரியும். கரும்பலகை துடைக்க டஸ்டர் கிடையாது, பனியன் வேஸ்ட்தான். யார் வீட்டார் வேலை பார்க்கும் கம்பெனியில் என்ன ஆர்டர் ஓடுகிறதோ, அந்த வாரம் அந்த நிறத்துத் துணி. அடுத்த கோடைக்கு வெள்ளைக்காரர்கள் என்ன கலர் போடப் போகிறார்கள் என்பது காதர்பேட்டை பனியன் வியாபாரிகளுக்கு முன்பே எங்கள் கரும்பலகைக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட பள்ளிக்கூடத்தில், பத்தாம் வகுப்பு தொடங்கிய சூட்டோடு, எங்கள் கணக்கு டீச்சருக்குச் சொந்த ஊருக்கு மாறுதல் வந்தது. நல்ல டீச்சர். தப்பாகப் போட்டால் திட்ட மாட்டார், "இதுக்கு முந்துன வரி வரைக்கும் நீ ராணியாட்டம் வந்தே" என்பார். வகுப்பே அவரோடு பஸ் ஸ்டாப் வரை நடந்து போய் அழுதது. "அழாதீங்க, புது டீச்சர் வந்துருவாங்க" என்று படியில் நின்று சொன்னார். அவரும் அழுதார். பஸ் போனது. புது டீச்சர் வரவில்லை.

கணக்கு பீரியடுக்கு ஒரு நாள் தமிழய்யா வந்தார். ஒரு நாள் பி.டி. சார் வந்து, "சத்தமில்லாம எதையாச்சும் படிங்க" என்று சொல்லிவிட்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் யாரும் வரவில்லை. நாங்கள் சத்தத்தோடு எதையும் படிக்காமல் இருந்தோம்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் தேனிப் பக்கத்துக்காரி. குடும்பத்தோடு பனியன் வேலைக்கு வந்தவர்கள். வகுப்பில் எல்லோருக்கும் அவள் தேனிக்காரிதான். நாங்கள் எதற்கெடுத்தாலும் 'ங்க' சேர்ப்பதை அவளால் பொறுக்கவே முடியாது. "நாய வெரட்டுனாக்கூட 'போங்க, போங்க'ன்னுதான் வெரட்டுவீக போல. அது எப்படிடி போகும்? உக்காந்து காபி கேக்கும்" என்பாள். தன் வாயில் ஒரு நாளும் அந்த 'ங்க' வராது என்று சபதம் போல வைத்திருந்தாள்.

காலாண்டுத் தேர்வில் கணக்கு எங்களை அடித்துப் போட்டது. விடைத்தாள் கட்டோடு ஹெச்.எம். வகுப்புக்கு வந்தார். "முப்பத்தஞ்சு வாங்காதவங்க எல்லாம் எந்திரிங்க சாமி" என்றார். கிட்டத்தட்ட பாதி வகுப்பு எழுந்தது. நானும் எழுந்தேன். தேனிக்காரி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள்; அவளுக்கு மார்க் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"நாளைக்கு ஊட்ல இருந்து ஆளக் கூட்டிட்டு வாங்க."

அம்மா ஒரு ஷிப்ட்டை விட்டுவிட்டு வந்தார். தேனிக்காரியின் அப்பாவும் வந்தார். ஹெச்.எம். கெட்டவர் இல்லை. அவரைக் கெட்டவராக எழுதினால் இந்தக் கதை எனக்குச் சுலபம், ஆனால் பொய். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றபடியே பேசினார்.

"புள்ளைங்க மேல எனக்குக் கோவம் இல்லீங்க. ரெண்டு வருசமா நம்ம ஸ்கூலு நூத்துக்கு நூறு. இப்ப எறங்குச்சுன்னா மேல இருந்து என்னத்தான் கேப்பாங்க. கணக்கு வராதவங்க டி.சி. வாங்கிட்டு தனித்தேர்வரா எழுதட்டுமே. அதே கேள்வித்தாள்தானுங்களே?"

கேள்வித்தாள் அதேதான். ஆனால் டி.சி. வாங்கிக்கொண்டு போனவன் தோற்றால் அது பள்ளிக் கணக்கில் வராது. அதுதான் விஷயம். தனித்தேர்வர் என்று போன எவரையும் தேர்வறை வாசலில் நான் பார்த்ததில்லை. காலையில் கம்பெனி வேனில்தான் பார்த்திருக்கிறேன்.

அம்மா கழுத்துப்பட்டி வைக்கிற டெய்லர். பேசத் தொடங்கினால் கம்பெனிப் பேச்சுதான் வரும். "ஏனுங்க சார், செக்கிங்ல ஒரு பீஸு ஆல்ட்ரேஷன் வந்துச்சுன்னா தெச்சவங்ககிட்டத்தானுங்க திருப்பிக் குடுப்பாங்க? பிரிச்சு மறுபடி தெச்சுக் குடுக்கோணும். பீஸத் தூக்கி வீதியில போடமாட்டாங்களே?"

ஹெச்.எம். விடவில்லை. "தெச்சவங்க எங்கீங்கம்மா இருக்காங்க? அவங்க சொந்த ஊருக்குப் போயாச்சு. மெஷின் காலியாக் கெடக்குது. நான் வரலாறு படிச்சவனுங்க. நான் உக்காந்து தெச்சன்னா பனியனுக்கு மூணு கை வந்துரும்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அம்மாவும். 

கடைசியில் ஹெச்.எம். ஒரு கெடு வைத்தார். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் முப்பத்தைந்து வாங்கினால் இங்கேயே எழுதலாம். வாங்காவிட்டால் டி.சி. தேனிக்காரியின் அப்பா அவசரமாகத் தலையாட்டினார். "அரையாண்டு வரைக்கும் பாப்போம் சார். அதுக்கு மேல இழுக்க வேணாம். கைமடி வேலைக்குக் காண்ட்ராக்டர்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன்." கைமடி என்றால் டெய்லர் பக்கத்தில் நின்று பீஸை எடுத்துக் கொடுப்பதும் தைத்து வந்ததை மடிப்பதும். உட்கார முடியாத வேலை. வயது போதவில்லையே என்று கேட்கச் சின்னக் கம்பெனிகளில் ஆள் கிடையாது.

அன்று வீடு திரும்பும்போது தேனிக்காரி வழியெல்லாம் பொரிந்து தள்ளிக்கொண்டு வந்தாள்.

"கைமடியா நானு? ஏன்டி, கணக்கு டீச்சரு போனா கணக்குமா அவுக பின்னாடியே பஸ்ஸேறிப் போயிருச்சு? புஸ்தகம் இங்கிட்டுத்தான இருக்கு? சூப்பர்வைசரு வரலைன்னா கம்பெனிய மூடிட்டா போறாக? லைனு பாட்டுக்கு ஓடத்தான செய்யுது?"

சட்டென்று நின்றாள். "நாமளும் லைன் போட்ருவோம்டி" என்றாள்.

ஒரு டி-சர்ட்டை ஒரு ஆள் தைப்பதில்லை. தோளை ஒருவர் இணைப்பார், கழுத்தை ஒருவர், கையை ஒருவர், அடிமடிப்பை ஒருவர். பீஸ் கைமாறிக் கைமாறி வரிசையின் முடிவில் சட்டையாக விழும். எங்கள் எல்லோர் வீட்டிலும் யாராவது ஒருவர் அந்த வரிசையில் உட்கார்ந்தவர்தான். அதனால் மறுநாள் அவள் சொன்னதும் வகுப்புக்கு விளக்கமே தேவைப்படவில்லை. பாடத்துக்கு ஒருவர். எனக்கு முக்கோணவியல். தேனிக்காரிக்கு வரைபடம். பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் இருந்தான். அவனைப் பீகார்க்காரா என்று கூப்பிட்டால், "நானு பொறந்ததே அவினாசி ரோட்டுலதானுங்க, சித்த மரியாதையாப் பேசுங்க" என்பான். அவனுக்கு அளவியல்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "பேக்கிங் யாருங்க?" என்றான்.

"நீதான்டா. எல்லாத்து நோட்டுக்கும் அட்டை போடு."

லைன் ஓடியது. அடேயப்பா, எப்படி ஓடியது! முக்கோணவியல் கணக்கா, நோட்டு என்னிடம் வரும். நான் போட்டுக் கொடுப்பேன். வரைபடமா, தேனிக்காரி மேசையில் குவியும். உருளையும் கூம்பும் பீகார்க்காரனிடம். எல்லோர் நோட்டிலும் எல்லாக் கணக்கும் முடிந்து, அட்டை போட்டுப் பளபளத்தது. வராந்தாவில் போன ஹெச்.எம். எட்டிப் பார்த்தார். எல்லோரும் குனிந்து எழுதுவதைப் பார்த்து, "பரவால்லியே" என்றார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆளே இல்லாமல் ஓட்டிக் காட்டிவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தோம்.

இடைத்தேர்வு வந்தது. முக்கோணவியலில் எனக்கு ஒரு மார்க் குறையவில்லை. மற்றதில் ஒரு மார்க் கூடவில்லை. தேனிக்காரி வரைபடத்தைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி வரைந்து வைத்துவிட்டு மீதி நேரம் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பீகார்க்காரன் கூம்பைத் தவிர எதையும் தொடவில்லை. வகுப்பு முழுக்க இதே கதைதான். ஆளுக்கொரு பாடத்தில் ராஜா, மற்றதில் பூஜ்யம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சோற்றுத் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஏங்கண்ணு, நானு இத்தன வருசமாக் கழுத்துப்பட்டிதான் வெக்கறேன். கண்ணக் கட்டிவிட்டாலும் வெப்பேன். ஒரு முழு பனியனு நீயே தெச்சுக் குடுன்னா எனக்குத் தெரியாது. லைன்ல உக்காந்தவங்களுக்கு அது தெரியாது. அதுக்குன்னு கம்பெனிக்கு ஒருத்தரு இருப்பாரு, சேம்பிள் டெய்லரு. முழு பீஸும் ஒரே ஆளு தெப்பாரு. உங்குளுக்குப் பரீட்சையில லைனா வந்து உக்காரும்? தனியாத்தான உக்காரோணும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடமும் அம்மாவுக்கு ஒரு முழுச் சட்டை தைக்கத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அது அவர் தப்பில்லை. அவரை யாரும் மற்ற மெஷின் பக்கம் விட்டதே இல்லை.

மறுநாள் லைனைப் பிரித்தோம். இனிமேல் எல்லோரும் சேம்பிள் டெய்லர். பாடத்துக்கு ஒரு ஆள் இருப்பார், ஆனால் அவர் போட்டுக் கொடுக்கக் கூடாது. தேனிக்காரி ஒரு சட்டம் கொண்டு வந்தாள்: சொல்லிக் கொடுப்பவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். சாக்பீஸ் கேட்பவன் கையில். வாயால் மட்டும்தான் சொல்லலாம்.

அப்படி நின்று பாருங்கள், இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. எதிரே ஒருத்தி தப்பாக எழுதிக்கொண்டே போவாள்; நம் கை பின்னால் துடிக்கும். "ஏய், ஏய், கை வெளிய வருது பாரு!" என்று வகுப்பு கத்தும். "சைன் மேலயா கீழயா, யோசி" என்று சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். என்னிடம் கேட்டவள் ஒருத்தி, "நீங்க சொல்றது எனக்குப் புரியலைங்க, உங்களுக்கே புரிஞ்சிருக்கான்னு பாருங்க" என்றாள். பார்த்தேன். எனக்கும் புரிந்திருக்கவில்லை. முழு மார்க் வாங்கிய பாடம் அது.

நான் கலெக்டர் ஆகவில்லை. அரசுப் பள்ளி என்றதும் எல்லோரும் அந்த ஒரு கலெக்டரைத்தான் தேடுகிறார்கள். பன்னிரண்டாவது முடித்து, ஒரு கம்பெனி ஆபீசில் சேர்ந்து, மீதியைப் பார்த்தும் கேட்டும் படித்தும் கற்றுக்கொண்டேன். புது ஆளுக்கு வேலை சொல்லும்போது என் கை இன்றும் தானாகப் பின்னால் போகும். பெரிய ஸ்கூலில் படித்து வந்த ஆட்கள் "நகருங்க, நானே பண்ணிக் குடுத்தர்றேன்" என்று கீபோர்டைப் பிடுங்குவதைப் பார்க்கிறேன். தரம் தரம் என்கிறீர்களே, இதில் எது தரம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அரையாண்டில் நான் தேறினேன். நின்ற பாதி வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் தேறினார்கள். தேறாத இரண்டு மூன்று பேரில் தேனிக்காரி ஒருத்தி. எல்லோருக்கும் வரைபடம் சொல்லிக்கொடுத்தவளுக்கு முப்பத்தைந்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் குறைவு குறைவுதான்.

ஹெச்.எம். வகுப்புக்கு வந்தார். அவருக்கும் பிடிக்காத வேலை என்பது நடையிலேயே தெரிந்தது. "நாளைக்கு அப்பாவக் கூட்டிட்டு வந்துரு கண்ணு. பேசுன மாதிரியே பண்ணிக்கலாம்" என்றார்.

தேனிக்காரி எழுந்தாள். "நான் போக மாட்டேனுங்க சார்" என்றாள்.

வகுப்பு வாய் பிளந்தது. அவள் வாயிலிருந்து 'ங்க' வந்துவிட்டது. சிரிக்கப் போனவர்கள் அவள் முகத்தைப் பார்த்து அடங்கினார்கள்.

"என்ன கண்ணு சொல்றே?"

"வரைபடம் நான்தானுங்க எடுக்குறேன். பாதிப் பேரு இன்னும் முடிக்கல. நீங்க டி.சி. குடுத்தா எனக்கு மட்டுமா குடுக்குறீக? இவுகளுக்கு யாரு எடுப்பா?" கரும்பலகைப் பக்கம் கையை நீட்டினாள். "கவர்மெண்டு போட்ட டீச்சர கவர்மெண்டு மாத்தலாம் சார். என்னய யாரும் போடல. நானா வந்து நின்னவ. என்னய எப்படி மாத்துவீக?"

சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஹெச்.எம். கரும்பலகையைப் பார்த்தார். பாதி துடைத்த வரைபடம் ஒன்று அதில் இருந்தது.

"ரிசல்ட் கெட்டுச்சுன்னா?"

"என்னாலதான் கெட்டுச்சுன்னு சொல்லுங்க. தைரியமாச் சொல்லுங்க."

அவர் கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார். அப்புறம் கேட்டார்: "உங்கப்பன்கிட்ட யாரு பேசறது?"

"நாங்க பேசறோமுங்க" என்றேன் நான். அவர் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. எங்களுக்கு அது போதும். தேறாத மற்றவர்களும் அந்தச் சாக்கிலேயே தங்கிவிட்டார்கள்.

சாயங்காலம் வகுப்பே அவர்கள் குடியிருந்த, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டுக்குப் போனது. வேலை விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அவள் அப்பா எங்கள் கூட்டத்தைப் பார்த்து மிரண்டு போனார். "என்னப்பா, ஸ்டிரைக்கா?"

"இல்லீங்க மாமா" என்றான் பீகார்க்காரன், கையைக் கட்டிக்கொண்டு. "எங்க டீச்சர நீங்க கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போறீங்கன்னாங்க. கேட்டுட்டுப் போலாம்னு வந்தோமுங்க."

அவர் எங்களைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "இவளா டீச்சரு?" என்றார். மூன்று தடவை கேட்டிருப்பார். கடைசித் தடவை கேட்டபோது அது கேள்வியாக இல்லை. பரீட்சை வரை காண்ட்ராக்டரிடம் தவணை சொல்வதாக ஒப்புக்கொண்டார்.

எழுதினோம். மே மாதம் செல்போனுக்கு முடிவு வந்தது. எங்கள் தெரு முனையில் நின்று அவளுடையதை நான்தான் திறந்து படித்தேன். "கணக்குல பாஸுடி!" என்று நான் கத்தியதும் அவள் போனை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை, ரோட்டிலேயே ஆடினாள். எங்களோடு நின்ற இன்னொருத்திதான் போனை எட்டிப் பார்த்து மெதுவாகச் சொன்னாள், "சயின்ஸ்ல போயிருச்சுங்க."

தேனிக்காரி ஆட்டத்தை நிறுத்தவில்லை. "அது வாத்தியாரு இருந்த பாடம்டி. அத அவருகிட்டக் கேளு" என்றாள்.

அந்த வருடம் எங்கள் பள்ளி நூறு வாங்கவில்லை. மெயின் ரோட்டில் இருந்த தனியார் பள்ளிகள் எல்லாம் பெரிய பெரிய ஃப்ளெக்ஸ் கட்டின. அவர்கள் ஒன்பதாம் வகுப்போடு எத்தனை பேரை வெளியே அனுப்பினார்கள் என்பது ஃப்ளெக்ஸில் வராது. எங்கள் வாசலில் ஃப்ளெக்ஸ் இல்லை. எங்கள் வகுப்பிலிருந்து வெளியே போனவர்களும் இல்லை. துணைத்தேர்வில் அவள் அறிவியலையும் எழுதித் தேறினாள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நீங்கள் பதற வேண்டாம்.

ஆனால் முடிவு வந்த மறுநாள் எங்களுக்கு அது தெரியாது. அவள் வீட்டில் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் அப்பா வேலைக்குப் போகாமல் வாசலில் நின்றார். அப்போது ஹெச்.எம். வண்டி வந்து நின்றது. மேலே இருந்து அவரை என்ன கேட்டார்கள் என்று தெரியாது. கேட்டிருப்பார்கள். முகம் அப்படித்தான் இருந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல சார்?" என்று அப்பா ஆரம்பித்தார். "காண்ட்ராக்டரு இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காப்ல."

"கம்பெனி எங்கீங்க ஓடிப் போகுது? ஜூலையிலயும் அங்கியேதான் இருக்கும். துணைத்தேர்வு இருக்குதுங்க. எழுதட்டும்."

"தனியாவா சார்?"

"எதுக்குங்க தனியா? எங்க ஸ்கூலுப் புள்ளைங்க அது."

தேனிக்காரி உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். ஹெச்.எம். ஒரு வாய் குடித்தார். "சக்கர பத்தல கண்ணு" என்றார்.

"அதுக்கும் டி.சி. குடுப்பீகளா சார்?" என்று கேட்டுவிட்டு, அவள் சர்க்கரை டப்பாவை எடுக்கப் போனாள்.